பாகம் பிரிக்க முடியாத சொத்து

(வலியசாலையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது "மரபணு ஆராய்ச்சியும் நமது கடமையும்" என்று தலைப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். அதில் "கடமை" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்து விடுங்கள் என்று கேட்டுக் கொண்டேன். ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நான் முப்பது வருஷம் காலேஜில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவள். டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல. ஆகவே யாரும் கூட்டம் முடிந்ததும் ரிப்போர்ட்டை எடுத்துக் கொண்டு என்னிடம் வர வேண்டாம்.

நம் அங்கத்தினர்கள், முக்கியமாக பெங்களூரிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் குழந்தைகள், சில நாளாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஆராய்ச்சிக்கு என்று ரத்தமோ எச்சிலோ கேட்கிறார்கள், கொடுக்கலாமா? யாராவது சபை மூலமாகவே வந்து கேட்டால் சபை என்ன சொல்லும்?" நல்ல கேள்வி. அவர்கள் வந்து வாசலில் நின்ற பிறகு யோசிப்பதை விட, இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

ரத்த தானம் நமக்குப் புதிதல்ல. மெடிக்கல் காலேஜில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் இந்தக் கிராமத்துப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரத்த தானத்தில் கொடுத்தது கொடுத்ததோடு முடிந்தது. ஒருவர் உடம்பில் அது ஏறுகிறது, நம் உடம்பு சில வாரங்களில் ஈடு செய்து கொள்கிறது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் சிறு குப்பி அப்படி அல்ல. அவர்களுக்கு வேண்டியது ரத்தம் இல்லை, அதற்குள் இருக்கிற டி.என்.ஏ., அதாவது சமாசாரம். சமாசாரம் செலவாவதில்லை. பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். மேலும் அது என்னுடையது மட்டும் அல்ல. பாதி அம்மாவினுடையது, பாதி அப்பாவினுடையது. கூடப் பிறந்தவளோடு ஏறக்குறையப் பாதி பொது. அம்மாஞ்சியோடும் அத்தங்காவோடும் எட்டில் ஒரு பங்கு பொது. அத்தை பிள்ளைக்கும் மாமாவுக்குமே இரண்டு மூன்று தலைமுறையாகக் கொடுத்து வாங்கிய வீடுகளில் கணக்கு இன்னும் நெருங்கும். நான் கையை நீட்டினால், இந்த வரிசை வீடுகளில் எத்தனையோ பேரைப் பற்றி அவர்களைக் கேட்காமலே ஏதோ ஒன்றைச் சொல்லி விடுகிறேன்.

இதை யோசிக்கும்போது எனக்கு நினைவு வருவது பழைய கூட்டுக் குடும்பச் சொத்து. மிதாக்ஷரா முறையில் பங்காளி ஒருவர் தன் இஷ்டத்துக்குப் பூர்வீகச் சொத்தை விற்கவோ தானம் செய்யவோ முடியாது. ஆனால் மூன்று காரணங்களுக்கு விலக்கு உண்டு: ஆபத்துக் காலம், குடும்பத்தின் நன்மை, தர்ம காரியம். கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப முறையே சட்டப்படி இல்லாமல் போயிற்று. அவரவர் பங்கை அவரவர் பிரித்துக் கொண்டோம். ஆனால் இந்த ஒரு சொத்தை எந்த ரிஜிஸ்டர் ஆபீசிலும் பாகம் பிரிக்க முடியாது. ஆகவே பழைய நியாயம் இதற்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. தக்க காரணத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கிறவர் மற்றப் பங்காளிகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இது என் கற்பனை மட்டும் அல்ல. ஐஸ்லாந்து என்ற சின்ன தேசத்தில் 1998ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத எல்லாருடைய மருத்துவ விவரங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம், அதை நடத்தும் உரிமை ஒரு தனியார் கம்பெனிக்கு என்பது ஏற்பாடு. ஓர் இளம் பெண், காலமான தன் தகப்பனாரின் விவரங்களை அதில் சேர்க்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனாள். தகப்பனார் போய்விட்டார், உனக்கு என்ன என்று கேட்டார்கள். அவரிடமிருந்து எனக்கு வந்ததை அதிலிருந்து ஊகிக்க முடியுமே என்றாள். 2003 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவள் சொன்னதை ஏற்றுக் கொண்டது. அந்தத் திட்டம் கடைசி வரை நடக்கவே இல்லை.

சரி, இவ்வளவு சங்கடம் இருக்கும்போது எதற்காகக் கொடுக்க வேண்டும்? நம் பக்கத்திலேயே இருக்கிற ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆரிய வைசிய சமூகத்தார், நாம் செட்டியார் கடை என்று சொல்கிறோமே, அவர்களில் சிலருக்கு ஆபரேஷன் சமயத்தில் ஒரு விசேஷமான ஆபத்து உண்டு. மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்த சக்ஸினைல்கோலின் என்று ஒரு மருந்து கொடுப்பார்கள். சாதாரணமாக அது சில நிமிஷங்களில் கரைந்து விடும். கரைக்கிற என்சைம் உடம்பில் இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு விடவே தசை அசையாது, மெஷினில்தான் வைத்திருக்க வேண்டும். இந்தக் குறை அந்தச் சமூகத்தில் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் இன்னது என்று 2006ல் வெளியான ஒரு ஆராய்ச்சி காட்டியது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அதில் முக்கியமானவர்கள். இன்று விவரம் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் ஒரு கேள்வி கேட்டால் போதும், வேறு மருந்துக்கு மாறி விடலாம். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால், முன்பின் தெரியாதவர்களுக்காகக் கையை நீட்டிய சிலர் இருக்கிறார்கள்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சமூகத்துக்குள்ளேயே பல தலைமுறை கல்யாணம் செய்து கொள்கிறவர்கள் எல்லோருக்கும் சம்பந்தம் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட பிரிவினரை ஒப்பிட்டார்கள். அதில் 81 பிரிவுகளில், சில மூதாதையரிடமிருந்தே பெருகி வந்த அடையாளம் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாஸி யூதர்களையும் விட அழுத்தமாக இருந்தது. கோத்திரம் பார்த்துத்தானே செய்கிறோம் என்று சொல்லிச் சமாதானம் அடைய வேண்டாம். கோத்திரம் ஆண் வழியை மட்டும் பார்க்கிறது. நோய் இரண்டு வழியாகவும் வரும்.

என் தாய் வழி உறவில் ஒரு வீடு. ஊர் பெயர் வேண்டாம். பல வருஷங்களுக்கு முன் அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு வயது நிறைவதற்கு முன்னால் போய்விட்டன. முதலில் கழுத்து நிற்காது, பிறகு பால் இறங்காது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இது பரம்பரையாக வருவது, குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள், ரத்தம் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்டாராம். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லி அழைத்து வந்து விட்டார்கள். காரணம், கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை ஒருத்தி வீட்டில் இருந்தாள். "திருஷ்டி", "பால தோஷம்" என்று பேச்சு முடிந்தது. தங்கைக்கு நல்ல இடத்தில்தான் கல்யாணம் ஆயிற்று, அத்தை பிள்ளைக்கே. அவளுடைய முதல் குழந்தைக்கும் கழுத்து நிற்கவில்லை.

அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயந்தது இல்லாத பூதத்துக்கு அல்ல. வரன் பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், ஜாதகம் திரும்பி வரும், இது நம் எல்லோருக்கும் தெரியும். பையன் வீட்டாரை விடப் பெண் வீட்டார்தான் இதில் அதிகம் வாங்கிக் கட்டிக் கொள்வது. ஆகவே "ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்" என்று மேடையில் நின்று சொல்வதற்கு முன்னால், கொடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்கு அதனால் பங்கம் வராது என்று நாம் செய்து காட்ட வேண்டும்.

இதே பயத்தை யூதர்களில் ஆசாரமானவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைச் சொல்கிறேன். டே-சாக்ஸ் என்று குழந்தைகளைக் கொல்லும் நோய் அவர்களில் அதிகம். 1971 முதல் அமெரிக்காவில் யூத சமூகமே முன் வந்து பரிசோதனை நடத்தியது. அதற்குப் பிறகு அவர்களிடையே அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் 90 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்து விட்டார்கள். ஆனால் பெரியவர்கள் பார்த்துச் செய்கிற கல்யாணம் உள்ள குடும்பங்கள் தயங்கின. ராபி யோசெஃப் எக்ஸ்டீன் என்பவர், தம் குழந்தைகளில் நான்கு பேரை அந்த நோய்க்குப் பறி கொடுத்தவர், 1983ல் ஓர் ஏற்பாடு தொடங்கினார். பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பெயர் இல்லாமல் எண் மட்டும் கொடுப்பார்கள். சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருந்தும், பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். யாரிடம் குறை இருக்கிறது என்று யாருக்கும் சொல்வதில்லை, அந்தப் பிள்ளைக்கே கூட. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியக் கூடாது என்பது சரியாகப் படவில்லை. ஆனால் அவமானத்துக்கு இடம் கொடுக்காமல் துணை நிற்க ஒரு வழி கண்டு பிடித்தார்களே, அதை மெச்சாமல் இருக்க முடியாது. பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல.

நோய் உள்ள வீடுதான் கொடுக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. இதயத் தசையைச் சேர்ந்த ஒரு மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்ட ஒரு மாற்றம் பற்றி 2009ல் இந்திய விஞ்ஞானிகள் முன்னின்று வெளியிட்டார்கள். நம் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவிகிதம் பேரிடம் அது இருக்கிறது, இதயத் தசை நோயோடு அதற்குச் சம்பந்தம் உண்டு. அது உள்ள எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு அல்ல என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் நுட்பப்படுத்தின. ஆனால் அந்த 4 சதவிகிதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? திடகாத்திரமாக இருந்த, எந்த லாபமும் எதிர்பாராத மனிதர்கள் ரத்தம் கொடுத்ததால் வந்தது. அது எந்த ஒரு ஜாதிக்கும் சொந்தம் அல்ல, எல்லோரிடமும் கலந்து கிடக்கிறது. உலகத்தில் நடக்கும் இப்படிப்பட்ட பெரிய ஆராய்ச்சிகளில் பங்கு பெற்றவர்களில் 2016ல் கூட 81 சதவிகிதம் ஐரோப்பிய வம்சத்தார்தான். அவர்கள் உடம்புக்குத் தைத்த சட்டையை நாம் போட்டுக் கொள்கிறோம்.

2021ல் கண்ணூர் பக்கம் மாட்டூலில் ஒரு குழந்தைக்குத் தசை நலிவு நோய்க்கு 18 கோடி ரூபாய் மருந்து வேண்டும் என்று கேட்டபோது, சில நாட்களில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பணம் வந்து சேர்ந்தது. கேரளத்தில் யாருக்கும் மனது சின்னது அல்ல. ஆனால் அங்கே ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது. ஆராய்ச்சியில் முகம் தெரியாது. யாருக்கு, எப்போது, எந்த ஊரில் உபயோகப்படும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அது கஷ்டம்.

இப்போது மறு பக்கம். கொடுத்தவர்கள் ஏமாந்த கதைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயம் அல்ல. அமெரிக்காவில் கானவான் என்ற குழந்தை நோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தாங்களே திசுவும் பணமும் கொடுத்து, மற்றக் குடும்பங்களையும் தேடிச் சேர்த்து, ஒரு விஞ்ஞானிக்கு உதவினார்கள். மரபணுவைக் கண்டு பிடித்தார். பின்னர் ஆஸ்பத்திரி அதற்கு 1997ல் பேடன்ட் வாங்கிக் கொண்டு, பரிசோதனை செய்கிறவர்களிடம் கட்டணம் கேட்டது. குடும்பங்கள் வழக்குப் போட வேண்டி வந்தது. அரிஸோனாவில் ஹவசுபாய் என்ற பழங்குடியினர் 1990ல் தொடங்கி, நீரிழிவு ஆராய்ச்சிக்கு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய் பற்றியும், உறவுக்குள் கல்யாணம் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது. தாங்கள் தோன்றிய இடம் என்று நம்புகிற பள்ளத்தாக்கிலேயே இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும்! 2010ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

நம் ஊரும் விதிவிலக்கு அல்ல. 1999-2000ல் இங்கே ரீஜனல் கேன்சர் சென்டரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து, வாய்ப் புற்றுநோய் உள்ள இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோதனை மருந்து கொடுத்தார்கள். சரியான சம்மதம் வாங்கவில்லை என்று உள்ளே இருந்த டாக்டரே புகார் எழுப்பினார். 2001 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகமே, தன் விதிகள் பின்பற்றப்படவில்லை என்று சொல்லி அந்தப் பேராசிரியர் மேல் நடவடிக்கை எடுத்தது. அது மரபணு ஆராய்ச்சி அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான்.

அதே கேன்சர் சென்டர்தான் கருநாகப்பள்ளியில் மிக நல்ல காரியமும் செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அங்கே கடற்கரை மணலில் தோரியம் உண்டு, இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். 1990 முதல் வீடு வீடாகப் போய் 3,85,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம் எடுத்தார்கள். 2009ல் வெளியான முடிவில், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்தக் கரையில் பிறந்த குழந்தைகளின் தொப்புள் கொடி ரத்தத்தை எடுத்து, குரோமோசோம்களில் மாறுதல் உண்டா என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் பார்த்தார்கள். மீன் பிடிக்கிறவர்களும் கயிறு திரிக்கிறவர்களும் நிறைந்த கரை அது. அவர்கள் கதவைத் திறந்து பதில் சொன்னதால், உலகத்தில் எங்கே கதிர்வீச்சு பற்றிப் பேசினாலும் அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கப் போகும் நமக்கும் அதில் பங்கு உண்டு. நாம் அவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறோம்?

உண்மையில் "ஐயர்" ரத்தமும் போகாமல் இல்லை. மதுரை காமராஜ் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு ஐயர்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து 1996ல் ஒரு கட்டுரை வந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே "ஐயர்கள்" என்று இருக்கிறது. கவனியுங்கள், கொடுத்தது சிலர், பெயர் வந்தது எல்லோருக்கும். நாளைக்கு "இன்ன சமூகத்தாருக்கு இன்ன நோய்" என்று பேப்பரில் வந்தால், கையெழுத்தே போடாதவர் வீட்டு ஜாதகமும் திரும்பி வரலாம். இன்னொன்றும் சொல்லி விடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. நம் வம்சம் உசத்தி, நம் மூளை தனி, அதை நிரூபிக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்று சொல்லிக் கொண்டு யாராவது வந்தால், வாசலிலேயே ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பி விடுங்கள். அது ஆராய்ச்சி அல்ல.

2020ல் மத்திய அரசு தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 ஸ்தாபனங்கள் சேர்ந்தன. நமக்குப் பக்கத்தில் பூஜப்புரையில் இருக்கிற ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அதில் ஒன்று. 83 பிரிவு மக்களிடமிருந்து சுமார் 20,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். அதில் ஏறக்குறைய 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விடப்பட்டது. இப்படிப்பட்ட காரியங்கள் இன்னும் வரும். ஆகவே சபை என்ன செய்யலாம் என்று என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், ஏற்றுக் கொள்வதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம்.

சபை யாருக்காகவும் கையெழுத்துப் போடக் கூடாது. "நம் சபை சொல்லி விட்டது, எல்லோரும் வந்து கொடுங்கள்" என்று சுற்றறிக்கையும் அனுப்பக் கூடாது. சமாராதனைக்குப் பணம் பிரிக்கிற மாதிரி வீட்டு வாசலில் நின்றால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? துணை நிற்பது என்பது எல்லோரும் ஒரே மாதிரி செய்வது அல்ல. வேண்டாம் என்று சொன்ன மாட்டுப்பெண்ணை மறுநாள் குளக்கரையில் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்காமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதான். கடமை என்ற சொல்லை நான் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் சபை பேரம் பேசலாம், பேச வேண்டும். தனி ஆள் கேட்டால் கிடைக்காத பதில் சபை கேட்டால் கிடைக்கும். எந்த நோய்க்கு? வேறு எதற்கும் உபயோகித்தால் திரும்பக் கேட்பீர்களா? எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? கட்டுரையில் எங்கள் சமூகத்தின் பெயரைப் போடுவீர்களா? வைத்தியம் செய்யக் கூடிய நோய் ஏதாவது என்னிடம் தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா, அல்லது நான் தெரிய வேண்டாம் என்றால் விட்டு விடுவீர்களா? லாபம் வந்தால்? ஹியூகோ என்ற சர்வதேச அமைப்பின் நெறிமுறைக் குழு 2000த்திலேயே, லாபம் காணும் கம்பெனிகள் நிகர லாபத்தில் 1 முதல் 3 சதவிகிதம் பொது சுகாதாரத்துக்கோ தர்ம காரியத்துக்கோ ஒதுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அது சட்டம் அல்ல, ஆனால் கேட்பதில் வெட்கம் இல்லை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. உங்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம், விலகினால் சிகிச்சைக்குக் குறை வரக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் மரபணுவைக் காட்டி இன்ஷூரன்ஸிலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. அமெரிக்காவில் 2008ல் வந்தது, அதிலும் ஆயுள் இன்ஷூரன்ஸ் சேரவில்லை. இதையும் தெரிந்து கொண்டு முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டாக எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்புகிறீர்கள், பாட்டனார் எந்த தேசத்திலிருந்து வந்தார் என்று வரைபடம் வருகிறது. அப்படிப்பட்ட கம்பெனிகளில் பெரிய ஒன்றான 23அண்ட்மீயிலிருந்து 2023ல் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனுப் போட்டு விலைக்கு வந்தது, துப்பியவர்களின் விவரமும் சேர்ந்து. அது தானமும் அல்ல, ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்ததும் ஆகாது. காசு கொடுத்துக் குடும்பச் சொத்தை அடகு வைத்ததுதான். அனுப்புவதற்கு முன் அக்கா தம்பியிடமாவது ஒரு போன் செய்து கேளுங்கள்.

ஆராய்ச்சி சம்மதப் படிவம் எப்படி இருக்கும் என்று தெரிந்து கொள்ள, மாதிரி ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எளிதாக எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். வெளியூர் கிளைகளுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிஷம் பிடிக்கும். கண்ணாடி போட்டுக் கொண்டு படியுங்கள். புரியாத வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் அந்த வரிகளை மட்டும் எடுத்துப் பேசுகிறேன்.